போப்பையர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜ் யூக்லோ போப் (1820–1908) ஆங்கிலிக்கன் திருச்சபையின், அதாவது இங்கிலாந்தின் அதிகாரபூர்வத் திருச்சபையின், குருவானவர். திருக்குறள், நாலடியார், திருவாசகம் மூன்றையும் ஆங்கிலத்தில் தந்தவர். அவரைப் பற்றித் தமிழில் கிடைக்கும் குறிப்புகளில் பாதி புகழ்ச்சி, மீதிப் பாதி ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது. குருவாக அவர் வாழ்ந்த வாழ்க்கையை விட்டுவிட்டுத் தமிழறிஞரை மட்டும் எடுத்துக்கொண்டால் இரண்டுமே புரியாது. அதனால் இங்கே இரண்டையும் சேர்த்தே பார்க்கிறோம்.

கல்லறையில் "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று எழுதியிருக்கிறதாமே?

இல்லை. இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அதனால் முதலில் வைத்தோம்.

கல்லறை ஆக்ஸ்போர்டில், வால்டன் தெருவை ஒட்டிய செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. கல்லில் இருப்பதன் சாரம் இதுதான்: பெயர், டி.டி. (இறையியல் டாக்டர்) பட்டம், "தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்" என்ற அடைமொழி, பல்கலைக்கழகத்தில் தமிழ் தெலுங்கு விரிவுரையாளராகவும் பேலியல் கல்லூரியின் சிற்றாலயக் குருவாகவும் இருந்தவர் என்ற விவரம், பிறந்த நாள், இறந்த நாள். அதற்குக் கீழே, கீழ்த்திசை இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாளெல்லாம் ஆற்றிய உழைப்பைப் போற்றி அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் இந்தக் கல்லை வைத்தார்கள் என்ற குறிப்பு. "மாணவன்" என்ற சொல் எங்கும் இல்லை.

"கல்லறைச் செலவில் ஒரு பங்காவது தமிழர் காசாக இருக்க வேண்டும் என்று கேட்டார்" என்ற கதைக்கு வேர் அந்தக் கடைசிக் குறிப்பாகத்தான் இருக்கும். தமிழ் நண்பர்கள் பங்கு கொடுத்தது கல்லிலேயே இருக்கிறது. அவர் கேட்டு வாங்கினார் என்பது கல்லில் இல்லை. எங்களைக் கேட்டால், கேட்காமலே கொடுத்தார்கள் என்பதுதான் கூடுதல் மதிப்பு.

போப் என்பது பட்டமா? போப்பாண்டவருக்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

ஒரு தொடர்பும் இல்லை. போப் என்பது குடும்பப் பெயர். யூக்லோ என்பது தாயாரின் பிறந்த வீட்டுப் பெயர். தாய் கேதரின் யூக்லோ, கார்ன்வால் பகுதிக்காரர். தமிழில் உக்லோ, அக்ளோ, யூக்ளோ என்று பலவிதமாக எழுதுகிறார்கள். தேடும்போது எல்லா வடிவத்தையும் போட்டுப் பார்க்க வேண்டும்.

"ஐயர்" என்பது சாதிப் பெயர் அல்ல. அந்தக் காலத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் குருவானவரை ஐயர் என்றுதான் அழைத்தார்கள். கால்டுவெல் ஐயர், போப் ஐயர், அப்படியே போப்பையர்.

பிறந்தது கனடாவிலா, இங்கிலாந்திலா?

1820 ஏப்ரல் 24, பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பெடெக் என்ற ஊர். இன்று அது கனடா. அன்று தனி பிரிட்டிஷ் குடியேற்றம். கனடாக் கூட்டரசில் 1873இல்தான் சேர்ந்தது. தந்தை ஜான் போப் வணிகர். 1826இல் குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பி, பிளிமத் துறைமுகத்தில் குடியேறியது. ஆறு வயதுக்குப் பிறகு வளர்ந்ததெல்லாம் இங்கிலாந்தில்தான். தம்பி வில்லியம் பர்ட் போப், ஆங்கிலிக்கன் சபையிலிருந்து பிரிந்த மெதடிஸ்ட் சபையின் பெரிய இறையியலாளர். அண்ணன் ஆங்கிலிக்கன் ஆனார், தம்பி கடைசி வரை மெதடிஸ்டாகவே இருந்தார்.

தமிழ் எப்போது கற்றார்? இந்தியா வந்த பிறகா?

வருவதற்கு முன்பே. முதல் தமிழ்ப் பாடம் 1837இல் என்று அவரே திருவாசக முன்னுரையில் எழுதியிருக்கிறார். சென்னைக்கு வந்தது 1839, வயது 19, வெஸ்லியன் மெதடிஸ்ட் சபையின் ஊழியராக. சென்னையில் அவருக்கு இலக்கணமும் இலக்கியமும் சொல்லிக்கொடுத்தவர் இராமாநுசக் கவிராயர். மிஷனரிகள் பலருக்கு ஆசிரியர் அவர். குறளை மொழிபெயர்த்த ட்ரூவும், அகராதி செய்த வின்ஸ்லோவும் அவரிடம் பாடம் கேட்டவர்கள்தான். போப்பின் தமிழைப் பேசுகிறவர்கள் கவிராயரின் பெயரை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நன்னூலும் குறளும் ஆசிரியர் இல்லாமல் ஒரு வெள்ளைக்காரப் பையனுக்கு வசப்படாது.

மெதடிஸ்டாக வந்தவர் ஆங்கிலிக்கன் குரு ஆனது எப்படி?

மதம் மாறுவது போன்ற விஷயம் அல்ல இது. ஆனால் குருப்பட்டத்தைப் புதிதாகப் பெற்றாக வேண்டும். மெதடிஸ்ட் ஊழியரின் பட்டாபிஷேகத்தை ஆங்கிலிக்கன் சபை ஏற்பதில்லை, பேராயர் (பிஷப்) கை வைத்துக் கொடுத்த பட்டம் மட்டுமே செல்லும். படிகள் மூன்று.

முதல் படி உதவிகுரு. ஆங்கிலத்தில் டீக்கன் என்பது. குறைந்தபட்ச வயது 23. உதவிகுரு பிரசங்கம் செய்யலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம், நற்கருணையில் (அப்பமும் ரசமும் பகிரும் வழிபாட்டில்) உதவலாம்; நற்கருணையைத் தானே நடத்த முடியாது. இரண்டாவது படி குரு. குறைந்தபட்ச வயது 24, பொதுவாக உதவிகுருவாக ஓராண்டாவது இருந்திருக்க வேண்டும். மூன்றாவது பேராயர், வயது 30. அந்தப் படிக்குப் போப் போகவில்லை. அன்று ஒவ்வொரு படியிலும் சபையின் 39 கொள்கைக் கூறுகளை ஏற்றுக் கையெழுத்திட வேண்டியிருந்தது, அரசருக்கோ அரசிக்கோ விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டியிருந்தது.

போப் உதவிகுரு ஆனது 1843, குரு ஆனது 1845. பிறந்த ஆண்டோடு சேர்த்துப் பாருங்கள்: 1843 ஏப்ரலில்தான் அவருக்கு 23 நிறைகிறது. சட்டம் அனுமதித்த முதல் ஆண்டிலேயே பட்டம் பெற்றுவிட்டார். சில பக்கங்களில் "1839இல் குருவாக இந்தியா வந்தார்" என்று இருக்கிறது. 19 வயதில் யாரும் ஆங்கிலிக்கன் குருவாக முடியாது. இப்படிப்பட்ட தவறுகளைப் பிடிக்க வயது வரம்பு ஒன்றே போதும்.

எஸ்.பி.ஜி., சி.எம்.எஸ். என்கிறார்களே, இரண்டும் ஒன்றா?

சபை ஒன்று, சங்கம் இரண்டு. இரண்டும் ஆங்கிலிக்கன் சபையின் மிஷனரி சங்கங்கள். எஸ்.பி.ஜி. (நற்செய்தி பரப்பும் சங்கம்) 1701இல் தொடங்கியது, பேராயர்களின் அதிகாரத்தையும் வழிபாட்டு முறையையும் அழுத்திப் பிடிக்கும் பக்கம். சி.எம்.எஸ். (சர்ச் மிஷனரி சொசைட்டி) 1799இல் தொடங்கியது, தனிமனித மனமாற்றத்தை முன்னால் வைக்கும் பக்கம். திருநெல்வேலிச் சீமையில் இரண்டும் ஊர்களைப் பிரித்துக்கொண்டு வேலை செய்தன. இடையன்குடி, நாசரேத், முதலூர், சாயர்புரம் எஸ்.பி.ஜி. பக்கம், பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ். பக்கம். கால்டுவெல்லும் போப்பும் எஸ்.பி.ஜி. ஆட்கள். ஆவணம் தேடுகிறவர்களுக்கு இந்தப் பிரிவு உயிர்நாடி. தவறான சங்கத்தின் பெட்டியில் தேடினால் மாதக்கணக்கில் ஒன்றும் கிடைக்காது.

சாயர்புரத்தில் என்ன செய்தார்?

1840களில் அங்கே குருமாணவர்களுக்கும் உபதேசியார்களுக்கும் பள்ளி நடத்தினார். சாயர்புரம் என்ற பெயர் அந்த நிலத்தை வாங்கிக் கொடுத்த சாயர் என்ற வணிகரால் வந்தது. கிராமத்துப் பையன்களுக்கு ஆங்கிலம் மட்டும் அல்லாமல் லத்தீன், கிரேக்கம் வரை கற்பிக்கும் பெரிய திட்டம் அவருடையது. பாடத்தில் குறையில்லை. பிரம்பில்தான் சிக்கல். ஒழுங்கு என்ற பேரில் அவர் காட்டிய கடுமைதான் அவருடைய வெற்றிக்குப் பெரிய தடை, மாணவர்கள் அடுத்தடுத்துச் சிறுசிறு கலகங்கள் செய்து கடைசியில் அவர் விலக நேர்ந்தது என்ற பொருளில் கால்டுவெல் எழுதியிருக்கிறார். கூடவே வேலை செய்தவர், நண்பர், அவரே சொல்கிறார் என்றால் தள்ளிவிட முடியாது.

அதே காலத்தில் வீட்டிலும் இழப்பு. 1841இல் மணந்த மேரி கார்வர் 1845இல் இறந்துபோனார். 1849இல் ஹென்றியெட்டா வான் சோமரனை மணந்தார். பிற்பாடு மூன்று மகன்களும் கிழக்கே வேலைக்குப் போனார்கள்: ஒருவர் பர்மாவில் கல்வித் துறை, ஒருவர் ரயில்வே பொறியாளர், ஒருவர் சென்னையில் கண் மருத்துவப் பேராசிரியர்.

தஞ்சாவூரில் அவருக்கு எதிர்ப்பு வந்தது ஏன்?

விடுப்பில் இங்கிலாந்து போய் 1851இல் திரும்பியவரைத் தஞ்சாவூரில் போட்டார்கள். அங்கே இருந்தது 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் காலத்துப் பழைய சபை, அதாவது லுத்தரன் (ஜெர்மன் புராட்டஸ்டன்ட்) குருக்கள் வளர்த்த சபை. அதை எஸ்.பி.ஜி. 1820களில் ஏற்றுக்கொண்டிருந்தது. கோயிலுக்குள் வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் ஒரு பக்கம், தலித் கிறிஸ்தவர்கள் இன்னொரு பக்கம். நற்கருணைப் பாத்திரத்தில் யார் முதலில் வாய் வைப்பது என்பதிலும் வரிசை. கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி கூடாது என்று உத்தரவு போட்டார். பலர் சபையை விட்டு வெளியேறினார்கள்.

பிறகு தரங்கம்பாடிக்கு லைப்சிக் லுத்தரன் மிஷன் வந்தது. சாதி விஷயத்தில் அவர்கள் அவ்வளவு கண்டிப்புக் காட்டவில்லை. கோபித்துக்கொண்டு போனவர்களுக்குப் போக ஓர் இடம் கிடைத்துவிட்டது. பாத்திரத்தை யாருக்கு முன் யாருக்குக் கொடுப்பது என்று இங்கே குருவானவர் கண்டித்தால், மறு ஞாயிறு அந்தக் குடும்பம் லுத்தரன் கோயிலில் இருக்கும். இதைக் கண்டு கொதித்துத்தான் போப் 1853இல் தரங்கம்பாடி மிஷனரிகளுக்கு எதிராக "லுத்தரன் ஆக்கிரமிப்பு" என்ற தலைப்பில் கடித வடிவில் ஒரு சிறுநூல் வெளியிட்டார்.

இதை "சாதி ஒழிப்பு வீரர்" என்று ஒற்றை வரியில் மடக்குவது வசதி. ஆனால் சண்டையில் சபை எல்லைத் தகராறும் கலந்திருந்தது, போப்பின் முன்கோபமும் கலந்திருந்தது. சாதி வரிசையை அவர் ஏற்கவில்லை என்பது உண்மை. ஆளைப் பேசி இழுத்துப் பிடிக்கும் பொறுமை அவரிடம் இல்லை என்பதும் உண்மை.

ஊட்டி, பெங்களூர்?

1850களின் கடைசியில் உதகமண்டலத்தில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கு இலக்கணப் பள்ளி தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் நடத்தினார். 1870களில் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியின் தலைவர். கிராமத்து மிஷன் வேலை அத்தோடு முடிந்தது. எழுத்து வேலை நிற்கவில்லை. தமிழ்ச் செய்யுள் திரட்டு, பெரிய இலக்கணம், இந்திய வரலாற்றுப் பாடநூல், துபுவா பாதிரியாரின் இந்திய மக்கள் பற்றிய நூலுக்குப் பதிப்பு எல்லாம் இந்தக் காலத்தை ஒட்டியவை.

"டாக்டர்" பட்டம் எந்தப் பல்கலைக்கழகம் கொடுத்தது?

எதுவும் இல்லை. 1864இல் ஆங்கிலிக்கன் சபையின் தலைமைப் பேராயரான காண்டர்பரி பேராயர் கொடுத்தார். லாம்பெத் பட்டம் என்பார்கள். எட்டாம் ஹென்றி காலத்தில், 1533ஆம் ஆண்டுச் சட்டப்படி, போப்பாண்டவரிடம் இருந்த அதிகாரங்களில் சில காண்டர்பரி பேராயருக்கு மாறின. பட்டம் வழங்குவதும் அதில் ஒன்று. ஆக, போப்பாண்டவர் கையிலிருந்து போன அதிகாரத்தால் போப்புக்கு டாக்டர் பட்டம். ஆக்ஸ்போர்டு கொடுத்தது 1886இல் மதிப்புறு எம்.ஏ. மட்டும்.

ஆக்ஸ்போர்டில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தாரா?

பேராசிரியர் அல்ல, விரிவுரையாளர். 1884இல் தமிழுக்கும் தெலுங்குக்கும் சேர்த்து நியமனம். வகுப்பில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இலக்கிய ஆர்வலர்களும் அல்லர். சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்படவிருந்த ஐ.சி.எஸ். பயிற்சியாளர்கள். கச்சேரியில் (அரசு அலுவலகத்தில்) மனு படிக்கவும் சாட்சி விசாரிக்கவும் தமிழ் வேண்டும், தேர்வில் தேற வேண்டும். அவர்களுக்காகத்தான் அவருடைய தமிழ்க் கைநூல் புதுப் பதிப்புகளாக ஆக்ஸ்போர்டில் அச்சானது. குறளும் திருவாசகமும் அந்த வேலை முடிந்த மீதி நேரத்தில் நடந்தவை.

1888 முதல் பேலியல் கல்லூரியின் சிற்றாலயக் குருவாகவும் இருந்தார். கல்லூரிப் பெயரைத் தமிழில் எழுதும்போது கவனம். பல பக்கங்களில் "பாலியல் கல்லூரி" என்றே இருக்கிறது. மரியாதைக்குரிய ஒரு குருவானவரை அங்கே கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டாம்.

குறளை ஆங்கிலத்தில் முதலில் மொழிபெயர்த்தவர் அவரா?

அப்படிச் சொல்வது தவறு. சென்னையில் ஆங்கில அதிகாரியாக இருந்த எல்லிஸ் துரை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சில குறள்களை மொழிபெயர்த்து விளக்கம் எழுதினார். ட்ரூ 63 அதிகாரங்களை உரைநடையில் தந்தார். மிச்சத்தை ஜான் லாசரஸ் முடித்தது 1885. போப்பின் நூல் 1886, லண்டனில் ஆலன் நிறுவனம் வெளியிட்டது. 1330 குறளையும் செய்யுளாகவே தந்த முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு என்பதுதான் சரியான வரி.

நூலில் மொழிபெயர்ப்பு ஒரு பகுதிதான். முன்னுரை, குறளின் இலக்கணச் சுருக்கம், குறிப்புகள், சொற்களஞ்சியம், எந்தச் சொல் எந்தக் குறளில் வருகிறது என்ற அடைவு எல்லாம் உண்டு. குறிப்புகளில் பெஸ்கி என்ற வீரமாமுனிவரின் லத்தீன் மொழிபெயர்ப்பையும் எல்லிஸின் வரிகளையும் மறுபடி அச்சிட்டிருக்கிறார். பெஸ்கி காமத்துப்பாலைத் தொடவில்லை. போப்பும் சில ஆண்டுகள் அதைப் படிக்காமலே ஒதுக்கி வைத்திருந்ததாகவும் அது தம் முன்முடிவால் வந்தது என்றும் ஒப்புக்கொண்டு, பிறகு முழுவதையும் மொழிபெயர்த்தார்.

மொழிபெயர்ப்பு நன்றாக இருக்கிறதா?

முதல் குறளையே எடுத்துக்கொள்வோம். "அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு." ஏழு சீர், அவ்வளவுதான். போப் ஆங்கிலத்தில் இரண்டு நீண்ட அடி எடுத்துக்கொள்கிறார், அடிக் கடைசியில் இயைபு வைக்கிறார்: முதலடி "மெய்ன்டெய்ன்ஸ்" என்று முடிகிறது, இரண்டாவது "டொமெய்ன்ஸ்" என்று முடிகிறது. அந்த இயைபுக்காக "உலகு" என்ற ஒரு சொல் "உலகின் ஆட்சிப் பரப்புகள் எல்லாம்" என்று ஊதிவிடுகிறது. "எழுத்தெல்லாம் அகரத்தை முதலாக உடையன" என்பது "ஒவ்வொரு மொழியும் தன் எழுத்துகளில் முதலாக அகரத்தைக் கொண்டிருக்கிறது" என்று திரும்பிவிடுகிறது. எழுத்து மொழியாகிவிட்டது.

இது அறியாமை அல்ல. இயைபுக்குக் கொடுத்த விலை. 1330 முறை அந்த விலையைக் கொடுத்திருக்கிறார். குறளின் இறுக்கம் போப்பில் கிடைக்காது. ஓசை உள்ள செய்யுளாக ஒரு ஆங்கிலேயர் காதில் விழ வேண்டும் என்பது அவர் எண்ணம், அது நடந்தது. எங்கள் கணிப்பில் அவருடைய நாலடியார் (1893) மொழிபெயர்ப்பு குறளைவிட மேல். நாலடி வெண்பாவில் மூச்சுவிட இடம் இருக்கிறது, ஆங்கில அடிக்குள் அடைக்கும்போது அவ்வளவு பிதுங்கவில்லை.

இணையத்தில் "போப் மொழிபெயர்ப்பு" என்று வருவதெல்லாம் அவருடையதா?

இல்லை, இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். பல தளங்களில் ஒவ்வொரு குறளுக்கும் கீழே இரண்டு ஆங்கிலப் பகுதி இருக்கும். இரண்டடிச் செய்யுள் போப்புடையது. "விளக்கம்" என்ற பெயரில் வரும் உரைநடை வாக்கியம் ட்ரூ, லாசரஸ் இருவருடையது. சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் இவர்கள் எல்லாரையும் ஒரே புத்தகத்தில் சேர்த்து வெளியிட்டது. அங்கிருந்து நகலெடுத்தவர்கள் பெயரை மட்டும் சுருக்கிவிட்டார்கள்.

சோதனை எளிது. கடைசிச் சொற்களில் இயைபு இருந்தால் போப். முதல் குறளை "ஆஸ் த லெட்டர் ஏ" என்று தொடங்கினால் அது ட்ரூ. கட்டுரையில் மேற்கோள் காட்டும் முன் இன்னொரு சரிபார்ப்பு: உரைநடை வாக்கியமாக இருந்து, குறள் எண் 630க்குள் இருந்தால் ட்ரூ, அதற்கு மேலே என்றால் லாசரஸ். ஓர் அதிகாரத்துக்குப் பத்துக் குறள், ட்ரூ செய்தது 63 அதிகாரம், கணக்கு அவ்வளவே.

வள்ளுவரைக் கிறிஸ்தவர் என்று சொன்னாரா?

கிறிஸ்தவர் என்று சொல்லவில்லை. கிறிஸ்தவப் போதனையின் தாக்கம் பெற்றவர் என்று நம்பினார். வள்ளுவர் காலத்தைக் கி.பி. 800க்கும் 1000க்கும் இடையில் வைத்து, மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறிஸ்தவ ஆசிரியர்களோடு அவர் நடந்து பேசியிருக்கலாம் என்று கற்பனை செய்துகொண்டார். அதற்கு ஆதாரமாக அவரால் ஒரு கல்வெட்டையோ ஒரு பழைய உரையையோ காட்ட முடியவில்லை. காலக் கணக்கே இன்று நிற்காது. பெரும்பாலான அறிஞர்கள் குறளை அதற்குச் சில நூற்றாண்டு முன்னே வைக்கிறார்கள். போப்பின் முன்னுரையில் மிகப் பலவீனமான பக்கங்கள் இவைதான். நூல் முகப்பில் வள்ளுவரை உலகமாந்தர் அனைவரின் பாவலர் என்று பாடிய அதே கைதான் இதையும் எழுதியது.

இதோடு சேர்த்து இன்னொன்று: தமிழுக்கும் கெல்டிக், ஜெர்மானிய மொழிகளுக்கும் ஆழமான உறவு உண்டு என்றும் அவர் வாதிட்டார். கால்டுவெல்லோடு அதில் கருத்து வேறுபாடு. மொழியியல் போப்பின் பக்கம் போகவில்லை.

திருவாசகம் படித்து அழுதார், கடிதத்தில் கண்ணீர் விழுந்தது என்பது?

கடிதக் கண்ணீர்க் கதை அவருடைய நூலில் இல்லை. திருவாசகத்துக்கு உருகாதார் ஒரு வாசகத்துக்கும் உருகார் என்ற பழமொழியைத் தெரிந்தவர், எடுத்துக்காட்டியவர். அது பையப் பைய அவர் கண்ணீராகவே மாறியிருக்கலாம்.

உண்மையில் நடந்தது இன்னும் நன்றாக இருக்கிறது. பேலியல் கல்லூரி முற்றத்தில் கல்லூரித் தலைவர் ஜோவெட்டோடு நடந்துகொண்டிருந்தபோது பேச்சு திருவாசகத்தின் பக்கம் வந்தது. இந்த வயதில் இவ்வளவு பெரிய வேலையைத் தொடங்குவதா, முடிக்க ஆயுள் வேண்டுமே என்று போப் தயங்கினார். பெரிய வேலை ஒன்று கையில் இருப்பதே நெடுநாள் வாழ வழி, முடிக்கும் வரை இருப்பீர்கள் என்றார் ஜோவெட். ஜோவெட் 1893இல் இறந்துவிட்டார். போப் 51 பகுதிகளையும் முடித்து, முன்னுரையில் தம் எண்பதாம் பிறந்த நாளைப் போட்டார்: 1900 ஏப்ரல் 24. முதல் பாடம் 1837 என்ற குறிப்பும் அந்த இடத்தில்தான் வருகிறது.

சைவ சித்தாந்தத்தை இந்தியச் சமயங்களில் மிக மதிப்பு வாய்ந்தது என்று அதில் எழுதினார், உமாபதி சிவத்தின் திருவருட்பயனையும் சேர்த்து மொழிபெயர்த்தார். அதே நேரம் எண்பது வயதிலும் அவர் கிறிஸ்தவக் குருவாகவே நின்று எழுதுகிறார். மாணிக்கவாசகரைக் கிறிஸ்தவப் புனிதர்களான பவுலோடும் அசிசி பிரான்சிஸோடும் ஒப்பிடுவது அவர் கொடுக்கக்கூடிய உச்சகட்டப் பாராட்டு. "கடைசியில் சைவராகிவிட்டார்" என்பது ஆசை.

பழைய ஆட்கள் "போப்பையர் இலக்கணம்" என்று சொல்வது எது?

பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர் எழுதிய இலக்கண வினாவிடை. முதல் பாகம் 1842, அப்போது அவருக்கு 22 வயது. தலைமுறை தலைமுறையாகப் பள்ளிகளில் ஓடியது. கேள்வி, பதில் என்ற இந்தப் பக்கத்தின் வடிவம் அவருக்குப் புதிது அல்ல. ஞானோபதேச வினாவிடை நடத்திய கை, இலக்கணத்தையும் அதே அச்சில் வார்த்தது.

வயது வந்தவர்களுக்கான தமிழ்க் கைநூல் வேறு. பாடங்கள், அகராதி, உரைநடை வாசகம் எனப் பல பாகம். பழைய புத்தகக் கடையில் "போப் கைநூல்" என்று ஒரு பாகத்தை மட்டும் கொடுப்பார்கள், அட்டையில் பாக எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

இப்படிப்பட்ட ஒரு குருவானவரின் வாழ்க்கையை ஆவணங்களில் தேடுவது எப்படி?

முதலில் குருக்கள் பெயரேடு. இங்கிலாந்தில் 1841 முதல் குருக்கள் பட்டியல் ஒன்று, 1858 முதல் குரோக்ஃபோர்டு பெயரேடு. பட்டம் பெற்ற ஆண்டு, பட்டம் கொடுத்த பேராயரின் மண்டலம், வகித்த பதவிகள் சுருக்கெழுத்தில் இருக்கும். குருக்கள் தாங்களே அனுப்பிய தகவல் அது, வெளிநாட்டில் இருந்தவர்களின் பதிவு அரைகுறையாக இருக்கும். ஓர் ஆண்டில் இல்லை என்றால் முன்னும் பின்னும் பாருங்கள்.

அடுத்து லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். சென்னை மாகாணத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவு நகல்கள் "என்/2" வரிசை. வங்காளம் "என்/1", பம்பாய் "என்/3". ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும்தான் பெரும்பாலும் இதில் வருவார்கள். சாயர்புரத்தில் போப் ஞானஸ்நானம் கொடுத்த தமிழ்க் குடும்பங்களை இதில் தேடிப் பயனில்லை. அவை சேகரத்தின் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள சபை வட்டாரத்தின்) சொந்தப் பதிவேட்டில்தான் இருக்கும், அதற்கு ஊருக்குப் போய்ச் சேகர குருவானவரிடம் கேட்க வேண்டும். எழுதிக் கேட்டால் பதில் வராது என்பது அனுபவம். குடும்பப் பெயர், ஏறத்தாழ எந்த ஆண்டு, எந்த ஊர்க் கோயில் என்ற மூன்றும் இல்லாமல் போனால் நேரில் போயும் பயனில்லை.

மூன்றாவது சங்கத்தின் காகிதங்கள். எஸ்.பி.ஜி. ஆவணங்கள் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் இருக்கின்றன. மிஷனரிகள் அனுப்பிய அறிக்கைகளின் "ஈ" வரிசை 1856இல்தான் தொடங்குகிறது. போப்பின் சாயர்புர ஆண்டுகள் அதற்கு முன்பே முடிந்துவிட்டதால் அங்கே தேடி ஏமாறாமல், கடிதத் தொகுப்புகளையும் அச்சிட்ட ஆண்டறிக்கைகளையும் கேளுங்கள். அறிக்கைகளைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: இங்கிலாந்தில் நன்கொடை தருகிறவர்கள் படிப்பதற்காக எழுதியவை அவை. மதம் மாறியவர் எண்ணிக்கை எப்போதும் ஏறும், சபையை விட்டுப் போனவர் எண்ணிக்கை அடிக்குறிப்பில் ஒளிந்திருக்கும்.

இறந்த நாள் பிப்ரவரி 11ஆ, 12ஆ?

1908 பிப்ரவரி 11. தமிழ்ப் பக்கங்களில் 12 என்றும் இருக்கிறது. கல்லறைக் கல்லில் 11 என்று இருப்பதால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டாண்டு முன், 1906இல், ராயல் ஏசியாட்டிக் சொசைட்டி தங்கப் பதக்கம் கொடுத்தது. சென்னை மெரினாவில் சிலை வைத்தது 1968, இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது.

கல்லறைக்குப் போகிறவர்களுக்கு: பேலியல் கல்லூரியிலிருந்து வடமேற்கே வால்டன் தெரு வழியாக நடந்து போகும் தூரம்தான். இப்போது புதிதாக அடக்கம் செய்யாத பழைய தோட்டம், கற்கள் பல சாய்ந்தும் எழுத்து தேய்ந்தும் கிடக்கின்றன. காலை வெயில் சாய்வாக விழும்போது படிப்பது எளிது. ஜோவெட்டின் கல்லறையும் அதே தோட்டத்தில்தான்.